முதல் டிக்கெட்டின் நாரை

“வேலைங்கிறது கூப்பிட்டா வராது, ஆனா அதை இன்னார் பேர்ல, இன்ன தேதின்னு எழுதி வச்சீங்கன்னு வைங்க…” என்று சபாநாயகத்தின் மாமனார் தம்முடைய பணி ஓய்வுப் பாராட்டு விழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார், அதற்குமேல் அவர் சொன்னது, தானே வந்து நிற்கும் என்றா, வந்து கடிக்கும் என்றா என்பது, அந்த நேரம் பார்த்துப் பந்திக்கு அழைத்துவிட்டதால், மருமகன் உட்பட யாருக்கும் நினைவில் இல்லை.

நெடுங்கரை கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் அதுவரை புகார் நோட்டுதான் இருந்தது. பராமரிப்பு அலுவலக வாசலில் சணல் கயிற்றால் ஆணியோடு சேர்த்துக் கட்டிய தடித்த நோட்டு. அதில் ‘கொதிகலன் பக்கம் குழாய் ஒழுகுகிறது’ என்று ஒருவர் எழுதுவார். அதன் கீழ் ‘பார்வையிடப்பட்டது’ என்று இன்னொருவர் எழுதுவார். அதன் கீழ் ‘பார்வையிட்டது சரிபார்க்கப்பட்டது’ என்று மேலும் ஒருவர் பச்சை மையில் கையெழுத்திடுவார். குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும். அந்த ஈரத்தில் யாரோ வைத்த வாழை குலை தள்ளி, குலை பழுத்து, ஆயுத பூசைக்குப் படையலாகி, பக்கக் கன்றும் ஆளுயரம் வளர்ந்துவிட்டது.

இதைக் கேள்விப்பட்ட தலைமை அலுவலகம், இனி எல்லாப் பழுதும் கணினியில் டிக்கெட்டாகப் பதியப்பட வேண்டும் என்று உத்தரவு போட்டது. சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு சபாநாயகத்துக்கு வந்தது. அவர் மஸ்கட்டில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பத்தொன்பது வருடம் டிக்கெட்டைத் திறந்தும் மூடியும் பழகியவர். அங்கே அவருடைய பிரிவை நிறுத்தி வைத்ததால், பள்ளிக்கூட ஆசிரியையான மனைவியையும் மகளையும் அங்கேயே விட்டுவிட்டு, தனியாக ஊர் திரும்பி, நெடுங்கரையில் ஒப்பந்த மேற்பார்வையாளராகச் சேர்ந்திருந்தார். நாற்பத்தெட்டு வயது, பேசுவதற்கு முன் ஒரு விநாடி யோசிக்கிற சுபாவம்.

பயிற்சி வகுப்பு கேன்டீனில் நடந்தது. வேட்டியைத் திரையாகக் கட்டி, அதில் படம் காட்டினார்கள்.

“டிக்கெட்டுன்னா எங்களுக்குத் தெரிஞ்சது ரெண்டுதான் சார்,” என்றார் கொதிகலன் ஃபிட்டர் பிச்சைக்கண்ணு. முப்பது வருடத்து ஆள். ஆலையில் எந்தப் போல்ட் எந்தத் திருகுக்கு மச்சான் என்று சொல்லக்கூடியவர். “ஒண்ணு பஸ் டிக்கெட். இன்னொண்ணு, ஒருத்தன் டிக்கெட் வாங்கிட்டான்னு சொல்றது. இது எது?”

“ரெண்டும் இல்லண்ணே. ஒரு வேலைக்கு ஒரு டிக்கெட். யார் செய்யணும்னு அதுல பேரு இருக்கும். வேலையை முடிச்சாத்தான் மூட முடியும்.”

“முடிக்கலன்னா?”

“திறந்தே இருக்கும்.”

“எத்தனை நாளைக்கு?”

“முடிக்கிற வரைக்கும்.”

கேன்டீனில் பலர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் முதல் டிக்கெட்டைப் பதிய வேண்டும். எடுத்துக்காட்டாக எடைமேடைக் கழிவறையின் உடைந்த குழாயைப் பதியலாம் என்று சபாநாயகம் சொன்னபோது, ஆலையில் எல்லோருக்கும் அக்காவான அலுவலகக் கண்காணிப்பாளர் அமலோற்பவம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். ஓய்வுக்கு ஒன்றரை வருடம் பாக்கியிருந்த அவர், வீட்டில் எந்தக் காகிதத்தின் தலையிலும் சிலுவை போடுகிறவர், அலுவலகத்தில் எந்தப் பதிவேட்டின் தலையிலும் பிள்ளையார் சுழி போடுகிறவர். அந்தந்த இடத்துக்கு அது அது என்பது அவருடைய கட்சி.

“தம்பி, புதுசா ஒண்ணைத் தொடங்கும்போது முத வரியில கக்கூஸையா எழுதுவாங்க?” என்றவர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு விரலால், எழுத்து எழுத்தாகத் தட்டினார்: ‘உ. எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும்.’

கணினி அதோடு விடவில்லை. வகை என்ன என்று கேட்டது, ‘பொது’ என்றார்கள். அவசரம் எவ்வளவு என்று கேட்டது. இதைப் போய்ச் சாதாரணம் என்று யார் சொல்வார்கள், ‘மிக அவசரம்’ என்று ஐம்பது குரல் ஒரே நேரத்தில் சொன்னது. யார் பொறுப்பு என்று கேட்டது. அன்றைக்கு அதில் ஏற்றியிருந்த ஒரே பெயர் சபாநாயகம். அமலோற்பவம் அதை அழுத்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு, சபாநாயகத்தின் நாற்காலிக்கு இடப்பக்கம், மேசை உயரத்துக்கு, ஒரு மஞ்சள் மூக்கு நாரை ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது. அது எதையும் கேட்கவில்லை. பார்த்தது.

“மிக அவசரம்னு போட்டோமில்ல,” என்றார் அமலோற்பவம், வருகைப் பதிவேட்டை நீட்டியபடி. “அதான் பெருசா வந்திருக்கு. கையெழுத்தைப் போடுங்க.”

அதன் பிறகு பதிந்த ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு பறவை வந்தது: சாதாரண வேலைக்கு உண்ணிக்கொக்கு, அவசர வேலைக்கு வெள்ளைக்கொக்கு, மிக அவசரத்துக்கு நாரை. யார் பெயரில் டிக்கெட்டோ அவருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், அவர் நடந்தால் நடக்கும், உட்கார்ந்தால் நிற்கும், டிக்கெட்டை வேறு பெயருக்கு மாற்றினால் கழுத்தை ஒருமுறை ஆட்டிவிட்டு அந்தப் பெயர்க்காரரிடம் போய்ச் சேரும், வேலை முடிந்து மூடினால் எழும்பி, புகைபோக்கியை ஒரு வட்டம் சுற்றி, கரும்புக்காட்டுப் பக்கம் போய்விடும். வேலை முடியாமலே மூடினால் மட்டும் வாயில் வரை நடந்து போய், அங்கே நின்று யோசித்து, இன்னொரு கொக்கைக் கூட்டிக்கொண்டு திரும்பி வரும். பிச்சைக்கண்ணு முதல் வாரத்திலேயே இதைப் பரிசோதித்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமை மாலை அவருடைய மொபெட்டின் பின்சீட்டில் மூன்று கொக்கும், கால் வைக்கும் இடத்தில் நான்கும், தோளில் ஒன்றும் இருந்தன.

ஆலை இதற்குப் பழகிக்கொண்ட விதம்தான் சொல்லத்தக்கது. வாயில் காவலர், ஆள் வருகைக்குப் பக்கத்தில் கொக்கு வருகைக்கு ஒரு கட்டம் கிழித்தார். கேன்டீனில் வியாழன்தோறும் மீன் குழம்பு என்றிருந்ததை, பறவைகளின் முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லை என்று, கத்தரிக்காயாக மாற்றினார்கள். தொழிற்சங்கம் ஆளொன்றுக்கு ஐந்து கொக்குக்கு மேல் கூடாது என்று வாயில் கூட்டம் நடத்த, நிர்வாகம் ஒன்பது என்று சொல்ல, இரண்டு நாள் பேசி ஏழில் முடித்தார்கள். கொக்குகளை யார் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று விசாரிக்க வந்த வனக்காவலர், யாரும் அடைத்து வைக்கவில்லை, அவைதான் எங்களை விடமாட்டேன் என்கின்றன என்ற பதிலை எழுதிக்கொண்டு, அறிக்கை அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அமலோற்பவம் அந்த வாக்கை உடனே டிக்கெட்டாகப் பதிந்துவிட்டதால், போகும்போது அவருக்குப் பின்னால் ஒரு உண்ணிக்கொக்கு போனது.

குடியிருப்பில் வீட்டுக்காரம்மாக்கள் வாசலில் நின்று, வருகிற புருசனை விட்டுவிட்டு வருகிற கொக்கை எண்ணினார்கள். “காலைல மூணு, சாயங்காலமும் மூணு. பகலெல்லாம் என்னதான் பண்ணீங்க?” வரன் பார்க்க வந்தவர்கள், மாப்பிள்ளைக்கு ஒரு கொக்குகூட இல்லையென்றால் இவனை நம்பி யாரும் வேலை கொடுக்கவில்லை என்றும், ஆறு இருந்தால் சோம்பேறி என்றும் முடிவு கட்டினார்கள், இரண்டு கொக்கு உள்ள பையன்களுக்கு அந்த வருடம் வைகாசியிலேயே கல்யாணம் ஆனது. மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவிலுள்ள இணைப்பு மின் பிரிவைச் சேர்ந்ததா, இயந்திரப் பிரிவைச் சேர்ந்ததா என்று இருபது வருடமாக நடந்துவரும் வழக்கில் ஒரு வெள்ளைக்கொக்கு மாட்டிக்கொண்டது. இவர்கள் அவர்களுக்கு மாற்ற, அவர்கள் இவர்களுக்கு மாற்ற, அது நாளுக்கு நாற்பது தடவை முற்றத்தைக் கடந்து, கடந்து, புல்லில் ஒற்றையடிப் பாதையே விழுந்துவிட்டது. ஒருநாள் அது பாதிவழியில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்ததைத் தாங்க முடியாமல், இரண்டு பிரிவு ஆட்களும் திருப்புளியோடு வெளியே வந்து, ஒருவரோடொருவர் பேசாமலே அந்த இணைப்பைச் சரி செய்தார்கள்.

குழாய் ஒழுகுவது நின்றது. வாழை வாடியது, அதற்கும் ஒரு டிக்கெட் போட்டு, வாளியில் தண்ணீர் ஊற்றினார்கள்.

ஆனால் சபாநாயகத்தின் நாரை அப்படியே நின்றது.

மஸ்கட்டிலிருந்து பங்குனி மாதம் கடிதம் வந்தது. நிறுத்தி வைத்த பிரிவை மறுபடி தொடங்குகிறார்கள். பழைய இடம் அவருக்கே. ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் வந்து சேராவிட்டால் வேறு ஆள். மனைவியையும் மகளையும் பிரிந்து இருபது மாதம் ஆகியிருந்தது. அன்று மதிய இடைவேளையில், கேன்டீன் பின்கட்டிலிருந்து, வீடியோவில் பேசினார்.

“பின்னால யாரு நிக்கிறது?” என்று கேட்டாள் மனைவி உமையாள்.

“யாரும் இல்ல. நாரை.”

“இன்னுமா போகல? சரி, அதை அங்க விட்டுட்டு நீங்க கிளம்பி வாங்க.”

“அது என் பேர்ல இருக்கு உமா.”

“வேற யார் பேருக்காவது மாத்துங்க. உலகத்துல எல்லாம் நல்லபடியா நடக்கணும்னா அதுக்கு ஏன் நீங்க மட்டும் நிக்கணும்? இங்க உங்க பொண்ணு பிளஸ் ஒன் போகப் போறா. ரெண்டு வருசத்துல அவளும் எங்கயாவது கிளம்பிடுவா. அப்புறம் வந்து யாரோட இருக்கப் போறீங்க, அதோடயா?”

மகள் குறுக்கே முகத்தை நுழைத்தாள். “அப்பா, அது கால் மாத்துமா?”

“மத்தியானத்துக்கு மேல மாத்தும்,” என்றார் சபாநாயகம். அவளுடைய முகத்தில் புதிதாகப் பருக்கள் வந்திருப்பதை அவர் அப்போதுதான் கவனித்தார்.

வேலையை விட்டு விலகுகிறவர்கள் நிலுவையின்மைச் சான்றிதழ் வாங்க வேண்டும். கிடங்கில் திருப்பித் தராத ஸ்பேனர் இல்லை, நூலகத்தில் புத்தகம் இல்லை, குடியிருப்புச் சாவி ஒப்படைக்கப்பட்டது என்று ஒவ்வொரு வரியாகக் கையெழுத்து வாங்கி, கடைசியில், அமலோற்பவம் புதிதாகச் சேர்த்திருந்த வரிக்கு வந்தார்: ‘கொக்கு, நாரை ஏதும் நிலுவையில் இல்லை.’

“இதை நான்தான் சேர்த்தேன், நானே எப்படித் தம்பி பார்க்காத மாதிரி போடுறது?” என்றார் அமலோற்பவம், நாரையைப் பார்க்காமல்.

சபாநாயகம் முதலில் டிக்கெட்டை ‘முடிந்தது’ என்று மூடிப் பார்த்தார். நாரை இடத்தைவிட்டு அசையவே இல்லை. வாயில் வரைக்கும்கூட நடக்கத் தேவையில்லை என்று நினைத்தது போலிருந்தது. பிறகு துணிந்து மேலாண்மை இயக்குநரின் பெயருக்கு மாற்றினார். நாரை மாடிப்படி ஏறிப் போனது. அவருடைய அறைக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. நான்கு நிமிடத்தில் கதவு மறுபடி திறந்தது. ‘தகுந்த மேல்நடவடிக்கைக்காகத் திருப்பி அனுப்பப்படுகிறது’ என்ற குறிப்போடு நாரை படியிறங்கி வந்து, பழைய இடத்தில், பழைய காலில் நின்றது. சக மேற்பார்வையாளர்களிடம் கேட்டார். ஒவ்வொருவரும் அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து, தோளைத் தட்டி, வேறு எது வேண்டுமானாலும் கேளுங்கள் சார் என்றார்கள்.

நாள் நெருங்கியது. ஒரு புதன்கிழமை முற்பகலில் சபாநாயகம் கணினி முன் உட்கார்ந்து, பட்டியலில் கடைசியாக இருந்த ‘செய்ய இயலாது’ என்பதைத் தேர்ந்தெடுத்தார். காரணம் கேட்டது. ‘எல்லாம் என்பதன் எல்லை தெளிவாக இல்லை’ என்று தட்டி, மூடினார்.

நாரை தூக்கியிருந்த காலைக் கீழே வைத்தது. அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, கதவைத் தாண்டி, முற்றத்தில் இறங்கி, வாயிலை நோக்கி நடந்தது. அவசரமாக நடக்கவில்லை. அது கடந்து போன இடத்தில் எல்லாம் ஆட்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். கரும்பு கொட்டுகிறவர்கள் நிறுத்தினார்கள். எந்தப் பழுதும் இல்லாமல், யாரும் உத்தரவிடாமல், அரவை நின்றது. பிறகு எல்லோரும் மெதுவாக வந்து பராமரிப்பு அலுவலகத்தைச் சுற்றி நின்றார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை. அதுதான் சபாநாயகத்துக்குச் சங்கடமாக இருந்தது.

“மூடிட்டீங்களா தம்பி?” என்றார் அமலோற்பவம்.

“மூடிட்டேன்க்கா.”

“சரிதான். உங்க கஷ்டம் எங்களுக்குத் தெரியாதா? என்ன காரணம் போட்டீங்க?”

“செய்ய இயலாதுன்னு.”

அமலோற்பவம் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“எனக்கு அடுத்த வாரம் பொண்ணுக்குப் பிரசவம் சார்,” என்றார் பிச்சைக்கண்ணு, சும்மா தகவல் சொல்கிற மாதிரி.

“எனக்கு வெள்ளிக்கிழமை கண் ஆபரேஷன்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“எங்க வீட்டுல போர் போட மெஷின் வந்து நிக்குது. இருநூறு அடி போயாச்சு, இன்னும் புழுதிதான்.”

“தப்பா நினைச்சுக்காதீங்க சார்,” என்றார் கேன்டீன் மாஸ்டர். “நீங்க போகணும், வாஸ்தவம். ஆனா செய்ய இயலாதுன்னு நீங்க போட்டதைக் கேட்டதுலேர்ந்து, எனக்கு அடுப்புல வச்ச பால் மேல ஒரே சந்தேகமா இருக்கு.”

சபாநாயகம் ஒரு விநாடி யோசித்தார். பிறகு ‘மறுபடி திற’ என்பதை அழுத்தினார். வாயிலில், நாரை வெளியேறிய நேரத்தை அப்போதுதான் எழுதி முடித்திருந்த காவலர், அது திரும்புவதைப் பார்த்து, உள்ளே வந்த நேரத்தையும் எழுதிக்கொண்டார். அரவை ஓடத் தொடங்கியது. நாரை வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றபோது, அவர் நாற்காலியைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தி இடம் விட்டார். வருகிற பத்தாம் தேதி அவருக்கு முன்னால் சுவர்க் காலண்டரில் தொங்கியது.

பிச்சைக்கண்ணு மட்டும் போகாமல் கதவில் சாய்ந்து நின்றார்.

“சார், ஒரு சந்தேகம். அந்தப் பேரு போடுற கட்டம் இருக்கே, அதுல ஒரு பேரை எத்தனை தடவை மாத்தலாம்?”

“எத்தனை தடவை வேணும்னாலும்.”

“தினம் மாத்தலாமா?”

“மாத்தலாம். ஏன்ணே?”

“எங்க ஊர் வாய்க்கால்ல முறை வைப்போம் சார். தண்ணி ஒண்ணு, வயலு நூறு. ஒருத்தனே பாய்ச்சவும் முடியாது, ஒருத்தனே மடையடியில காவல் நிக்கவும் முடியாது. இன்னைக்கு என் முறை, நாளைக்கு உன் முறை. முறை வந்தவன் கல்யாணம் கருமாதின்னாலும் மண்வெட்டியோட வந்து நின்னுடணும். யாரும் மீறுனதில்ல.” அவர் நாரையை மேலும் கீழும் பார்த்தார். “நாம இதையே ஒரு முறை வச்சுக்கிட்டா என்ன? ஒரு நாள்னா நானும் பார்த்துக்குவேன். வருசம் பூராவும்னா யாரால முடியும்?”

அமலோற்பவம் அன்று பிற்பகலே பெரிய தாளில் கோடு கிழித்தார். ஆலை முழுக்கப் பெயர் கொடுத்தது: அரவை, கொதிகலன், எடைமேடை, கேன்டீன், துப்புரவு, வண்டி ஓட்டுநர்கள், மாடியிலிருந்து மேலாண்மை இயக்குநர்கூடத் தன் பெயரை, ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, அனுப்பியிருந்தார். கல்யாணத்துக்கு, ஆபரேஷனுக்கு என்று தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். போர் போட்டவர் மட்டும் இரண்டு நாள் கேட்டார், கொடுக்கவில்லை.

மறுநாள் காலைச் சங்கு ஊதியபோது சபாநாயகம் பெயரை மாற்றினார். நாரை கழுத்தை ஆட்டிவிட்டு, முற்றத்தைக் கடந்து, பிச்சைக்கண்ணுவின் பக்கத்தில் போய் நின்றது. அவர் அன்று முழுவதும் சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டு வேலை செய்தார், யாரையும் திட்டவில்லை, வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் நல்லபடியாக நடக்கிறதா என்று கேட்டார், ஒரு சிலர் இல்லை என்று சொன்னபோது போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். இரண்டு நாள் கழித்து அது எடைமேடைக்குப் போனது. அங்கே இருந்தவர் அதற்கென்று ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார், அது உட்காரவில்லை.

சபாநாயகம் கதவைத் தாண்டும்போதெல்லாம், பழக்கத்தில், இடப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டு ஒதுங்கித் தாண்டினார்.

சான்றிதழின் கடைசி வரியிலும் கையெழுத்து விழுந்தது. அமலோற்பவம் அதை மடித்துக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு, சுவரில் ஒட்டிய முறைத் தாளைப் பார்த்து உதட்டைச் சுழித்தார்.

“எல்லாரையும் போட்டும் முந்நூத்து அறுபத்து நாலு பேருதான் தம்பி. ஆகஸ்ட் முப்பது காலியா நிக்குது.”

“என் பேரு எங்கக்கா?”

“உங்களுக்கு எதுக்கு? நீங்கதான் போறீங்களே. ஒரு வருசத்துக்கு மேல ஒத்தையா நின்னாச்சு, அது போதும். அந்த ஒரு நாள் அது பாட்டுக்கு முற்றத்துல நிக்கட்டும், எதுவும் ஆகாது.”

“ஆகாதுன்னு தெரியுமா?”

“தெரியாது,” என்றார் அமலோற்பவம்.

சபாநாயகம் அவருடைய கையிலிருந்து பேனாவை வாங்கி ஆகஸ்ட் முப்பதுக்கு நேரே தன் பெயரை எழுதினார். அன்று மாலையே, ஏப்ரல் எட்டாம் தேதி மஸ்கட் போவதற்கு ஒன்றும், ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி திருச்சியில் வந்து இறங்குவதற்கு ஒன்றுமாக, இரண்டு விமான டிக்கெட் எடுத்தார்.